கதவோர மேசையின் சிரிப்பு

வசனத்தைச் சொல்லி முடித்ததும் ஆர்லோ மூன்று விநாடி நின்றான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பனியில் வெட்டிய துளையிலிருந்து தலையை நீட்டியிருந்த ரப்பர் மீனும் அவனோடு சேர்ந்து காத்திருந்தது.

"மறுபடியும் நிறுத்திட்ட," என்றாள் இயக்குநர் ஜோசெட்.

"சிரிக்க இடம் விட்டேன்."

"யாரு சிரிக்க?"

ஆர்லோ ரப்பர் மீனைப் பார்த்தான். அமெரிக்காவின் வடகோடியில், ஏரிக்கரை நகரமான டுலூத்தின் நகைச்சுவைக் கிளப் ஒன்றில் பதினோரு வருடமாகச் செவ்வாய்தோறும் சாயங்காலம் மைக் முன்னால் தனியாக நின்று ஜோக் சொல்லி வந்தவன் அவன். ஒரு ஜோக், ஒரு சிரிப்பு, பிறகு இன்னொரு ஜோக். படகுக்கு அடியில் தண்ணீர் இருப்பதுபோல அவனுக்கு அடியில் எப்போதும் சிரிப்பு இருந்தது. இப்போது ஒரு ஓடிடி நிறுவனம் பத்துப் பகுதிகள் கொண்ட தொடருக்கு அவனை அழைத்திருந்தது. குட்டிக் குட்டி நகைச்சுவை நாடகங்கள். எழுதுவதும் நடிப்பதும் அவனே.

முதல் நாடகத்தில் அவன் உறைந்த ஏரிமேல் குடிசை போட்டு மீன் பிடிக்கிறான். தூண்டிலில் மாட்டிய மீன் மேலே வந்து, மீன்பிடி உரிமத்தை எடுத்துக் காட்டு என்கிறது. கிளப்பில் இதைச் சொன்னபோது மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஏரிக்கரையில் இருந்த இந்தப் பழைய மீன் கிடங்கில் பதினான்கு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு அவனையே பார்த்தார்கள். ஒலிப்பதிவாளர் பெர்னி ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் ஃபிரிட்ஜ், ஹீட்டர், சுவர்க் கடிகாரம் என்று சத்தம் போடும் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார். அதற்குப் பிறகு வரும் அமைதி, பனி விழுந்து முடிந்த வயல்போல இருக்கும். அதில் ஒரு ஜோக்கைப் போட்டால் அது புதைந்துபோகும். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு காட்சிகளை நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். பிடிக்கவில்லையென்றால் ஆர்லோ எழுதிக் கொடுத்தால் போதும், நடிப்பதற்கு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஆள் வரும். அந்த ஆளின் அளவுக்கு உடைப் பிரிவில் இப்போதே ஒரு கோட்டு வாங்கி மாட்டியிருந்தார்கள். அது ஆர்லோவைப்போல ஒன்றரை மடங்கு. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உள்ளே யாரோ நின்றுகொண்டு தன் வசனத்தை முணுமுணுப்பதாக அவனுக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை முழுக்க, நிறுத்தாமல் பேச முயன்றான். நிறுத்தக் கூடாது என்ற பயத்தில் வேகம் கூடியது. மூன்று நிமிடக் காட்சி ஐம்பது விநாடியில் முடிந்துவிட்டது. மீனுக்குள் கைவிட்டு ஆட்டிக்கொண்டிருந்த பெண், மீன் இன்னும் வாயையே திறக்கவில்லை என்று புகார் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை, எல்லோரும் சிரித்து உதவுங்கள் என்று ஜோசெட் கேட்டுக்கொண்டாள். சிரித்தார்கள். அது அப்படியே மைக்கில் பதிந்தது. பெர்னி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"சிரிங்க, வேண்டாங்கல. சத்தம் மட்டும் வெளிய வரக்கூடாது."

அடுத்த முறை பதினான்கு பேரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். இருட்டில் பதினான்கு வாய்கள் அகலத் திறந்து, மெதுவாக மூடி, மறுபடி திறந்தன. கண்ணாடித் தொட்டியின் அடியில் நிற்பதுபோல இருந்தது ஆர்லோவுக்கு. தான் வெளியே இருக்கிறோமா, மீன்கள்தான் வெளியே இருக்கின்றனவா என்று தெரியவில்லை. வசனம் மறந்து, உரிமத்தை அவனே மீனிடம் கேட்டுவிட்டான்.

மத்தியானம் கரையோரமாக நடந்தான். டிசம்பர் குளிரில் ஏரி புகைந்துகொண்டிருந்தது. எங்கோ அந்தப் புகைக்குள் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. அப்போதுதான் கிளப்பின் கதவோர மேசை நினைவுக்கு வந்தது.

மேடையில் நின்றால் விளக்கில் கண் கூசும், கூட்டம் தெரியாது. வாசலுக்கு மேலிருந்த சிவப்பு விளக்கின் கீழே ஒரு மேசை மட்டும் தெரியும். அங்கே ஊதா நிறக் கோட்டு போட்ட ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் அவர் தோள்கள் குலுங்கும். எந்த ஜோக்குக்கும் குலுங்கும். கோடையில் அவர் வருவதில்லை. கோடையில் தன் நகைச்சுவை கொஞ்சம் தளர்ந்துவிடும் என்பது ஆர்லோவுக்கும் தெரிந்ததுதான். நிகழ்ச்சி முடியும்வரை அவர் இருந்ததும் இல்லை. அதற்குமேல் சிரித்தால் தாங்காது போலும்.

அன்று சாயங்காலம் கிளப்பில் அவர் எழுந்ததைப் பார்த்ததும், ஜோக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஆர்லோ மேடையிலிருந்து குதித்து ஓடினான். இதுதான் ஜோக் என்று நினைத்துக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் காதில் அது விழவே இல்லை.

பஸ் படியில் கால் வைத்திருந்தவரிடம் மூச்சு வாங்கத் தன் பேரைச் சொன்னான். அவர் பேர் வெல்மா என்றார். பஸ்ஸை நிற்க வைத்துக்கொண்டு விளக்கமெல்லாம் சொல்ல முடியாது. உங்கள் சிரிப்புதான் எனக்கு உயிர் என்று வாய்விட்டுச் சொல்லவும் கூச்சமாக இருந்தது.

"வியாழக்கிழமை ஏரிக்கரைக் கிடங்குக்கு வர முடியுமா? கிளப்ல எப்படி உக்காருவீங்களோ, அப்படியே உக்காந்தாப் போதும்."

"பேசணுமா?"

"ஒரு வார்த்தை வேண்டாம்."

"சூப் குடுப்பீங்களா?"

"குடுப்போம்."

"அப்ப வரேன், தம்பி."

வியாழக்கிழமை வந்தார். முன்பு மீன் எடை போட்டவர்கள் உட்கார்ந்த கண்ணாடி அறை ஒன்று கிடங்கின் நடுவில் இருந்தது. பெர்னி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். வெளியே ஒரு சத்தமும் வரவில்லை. அறையிலிருந்த பழைய ஹீட்டரின் அதிர்வு மட்டும் தரை வழியாக வந்தது. அதை அணைத்துவிட்டு, வெல்மாவை உள்ளே உட்கார வைத்தார்.

படப்பிடிப்பு தொடங்கியது. முதல் வசனத்தைச் சொல்லிவிட்டு ஆர்லோ கண்ணாடிப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தான். தோள்கள் லேசாகக் குலுங்கின. அவனுக்குள் எங்கோ பனி உருகி ஒரு சொட்டு விழுந்தது. நிறுத்தவில்லை, ஓடவும் இல்லை. மீன் உரிமம் கேட்டபோது பைகளையெல்லாம் தடவிவிட்டு, அசடு வழிய மீனைப் பார்த்தான். வெல்மாவின் உடம்பே ஆடியது. ஒரே டேக்கில் காட்சி முடிந்தது.

இரண்டாவது நாடகத்தில், சாலைப் பனியை அள்ளும் வண்டி ஓட்டுபவனின் மாமியாராக அவன் வேடம் போட வேண்டும். உடைப் பிரிவில் இருந்ததோ அந்த ஒன்றரை மடங்குக் கோட்டு மட்டும்தான். வெல்மாவிடம் கேட்டு அவருடைய ஊதாக் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டான். தன் கோட்டைப் பார்த்ததாலோ என்னவோ, அதற்கப்புறம் அவர் அடக்க முடியாமல் போனார். உள்ளங்கைகளைத் தேய்த்தார், தொடையில் அடித்துக்கொண்டார், காலால் தரையை உதைத்தார். மூக்கு சிவந்து, கண்ணில் நீர் வழிந்தது. ஆர்லோ மிதந்தான். எழுதாத வசனங்கள் வாயில் வந்தன. பெர்னியே உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்றார்.

இரண்டு காட்சிகளையும் உடனே அனுப்பியிருந்தார்கள். அன்று சாயங்காலமே, மூன்றாவது நாடகத்தின் நடுவில் நிறுவனத்திலிருந்து பதில் வந்தது. ஜோசெட் போனை வைத்துவிட்டு அவனிடம் வந்தாள்.

"மோசமில்லைன்னு சொன்னாங்க."

டுலூத்காரர்கள் வாயில் அதற்குமேல் ஒரு பாராட்டு வராது.

"அப்ப அந்த லாஸ் ஏஞ்சலஸ் ஆளு?"

"வர மாட்டான். பத்துப் பகுதியும் நீதான்."

சூப் கிண்ணத்தையும் ஊதாக் கோட்டையும் எடுத்துக்கொண்டு ஆர்லோ கண்ணாடி அறைக்கு நடந்தான். பதினான்கு பேரும் கைதட்டியது எங்கோ தொலைவில் மழை பெய்வதுபோலக் கேட்டது. பதினோரு வருடமாகச் சொல்லாத நன்றியை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே கதவைத் திறந்தான்.

"வெல்மா, இன்னும் நிறைய இருக்கு. எல்லாத்துக்கும் நீங்க வந்தே ஆகணும். உங்க சிரிப்பு இல்லாம என்னால முடியாது."

வெல்மா முதலில் கோட்டை மாட்டிக் கழுத்துவரை பொத்தான் போட்டார். பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"சிரிப்பா? உன் கிளப்ல அந்தக் கதவுப் பக்கத்துல பஸ் வர்ற வரைக்கும் நடுங்கினாப் போதும், தம்பி. இங்க நாள் முழுக்க நடுங்க வேண்டியிருக்கே."