'சரி' மட்டும் புரிந்த கருவி

கிடங்கு நிர்வாகம் தொழிலாளர் நலனில் தீராத அக்கறை கொண்டது. அந்த அக்கறை முற்றிப்போய், ஒருநாள் பேசும் கருவியாக எல்லார் தலையிலும் வந்து உட்கார்ந்தது. எந்தத் தட்டில் எந்தப் பெட்டி என்று காதில் ஓதும். "சரி" என்றால்தான் அடுத்த பெட்டியைச் சொல்லும். மனிதர் பேச்சில் வேறெதுவும் அதற்குப் புரியாது. ஒருவர் தெரியாமல் தும்மப்போக, "புரியவில்லை, மீண்டும் கூறவும்" என்று மத்தியானம்வரை அவரைத் தும்ம வைத்துவிட்டது.

பிறகு 'பணியாளர் மனநிறைவு ஆய்வு' வந்தது. நடத்தியதும் கருவிதான்.

"என்னால் தாங்கள் அகமகிழ்கிறீர்களா?"

பெட்டி எடுக்கும் நெட்டையன், "எங்க மகிழறது? முட்டி தேஞ்சுபோச்சு" என்றான்.

"புரியவில்லை."

"இல்லைங்கறேன்!"

"புரியவில்லை."

பதில் சொல்லாமல் பெட்டி வராது. பெட்டி குறைந்தால் வேலை போகும். "சரி, சனியனே" என்றான். முதல் சொல் மட்டும் பதிவானது.

இப்படியே எல்லாரும் சொல்லி, மனநிறைவு நூற்றுக்கு நூறு. அதிகாரி உருகிப்போனார். இவ்வளவு மகிழ்ச்சியில் களைப்பு எப்படி வரும்? களைப்பில்லாதவர்களுக்கு ஓய்வு எதற்கு? பத்து நிமிஷ ஓய்வு ரத்து, பெஞ்சுகளும் போயின.

நெட்டையன் நொண்டிக்கொண்டே அதிகாரி அறைக்குப் போனான்.

"சார், அந்தப் பத்து நிமிஷத்துலதான் என் முட்டி பிழைச்சுக் கெடந்துச்சு."

"நீதானேப்பா சந்தோஷம்னு சொன்ன?"

"அந்தக் கருவிக்கு வேற வார்த்தை தெரியாதே சார்!"

"அவ்வளவுதானே? 'இல்லை'யைக் கத்துக்கொடுத்துடுவோம். எல்லாரும் சம்மதிக்கணும்."

கிடங்கே அதிர "சரி!" என்றார்கள். அன்று ஒருநாள்தான் அந்தச் சொல் மனதார வந்தது.

நிபுணர்கள் மூன்று வாரம் பாடுபட்டார்கள். கருவியின் காதுக்குக் கற்பிக்க வேண்டியதை அதன் வாய்க்குக் கற்பித்துவிட்டார்கள். இனி எது புரியாவிட்டாலும் "இல்லை" என்று சொல்லும்.

"கொஞ்சம் உக்காரலாமா?" என்று கேட்டான் நெட்டையன்.

"இல்லை."

"அடடா, என்ன உச்சரிப்பு!" என்று கைதட்டிய அதிகாரி, தானும் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு பெருமையாகக் கேட்டார்: "இங்க அதிகாரி நான்தானே?"

"இல்லை."

கருவி சொன்னதெல்லாம் தலைமையகத்தில் பதிவாகும்; அதை அவர்கள் என்றுமே சந்தேகித்ததில்லை. அடுத்த வாரமே அதிகாரியும் வரிசையில் நின்று பெட்டி தூக்கினார்.

"முட்டி உயிர் போகுதுப்பா. இதை யார்கிட்டச் சொல்றது?"

"முறைப்படி உங்ககிட்டதான் சார் சொல்லணும்" என்றான் நெட்டையன்.