பல்லடைப்பு ஆராய்ச்சியாளர்

கையுறை போட்ட விரல்கள் பஞ்சுச் சுருளைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே பக்குவமாகச் செருகுகின்றன. சாய்நாற்காலியில் வாயைப் பிளந்து கிடக்கும் ஜீவனுக்குப் பல்லடைப்பு ஆராய்ச்சியாளர் என்று பெயர். பல் மருத்துவம் படித்தவர் அல்ல; பல்வலியில் படித்தவர்.

கடைவாய்ப் பல்லில் சொத்தை. வெள்ளியா, வெள்ளையா? வெள்ளி அடைப்பு பல வருஷம் உழைக்கும், ஆனால் அதில் பாதரசம் உண்டு, வாயைத் திறந்தால் கறுப்பாகத் தெரியும். வெள்ளை பல்லோடு பல்லாக இருக்கும், ஆனால் சீக்கிரம் தேயலாம் என்று நோட்டின் நடுவே கோடு கிழித்து இரு பக்கமும் எழுதி, பக்கத்து மேசைக்காரர், முடிவெட்டுகிறவர், வாயில் ஒரு பல்கூட மிச்சமில்லாத மாமனார் என்று எல்லாரிடமும் கருத்துக் கேட்டு மூன்று மாதம் ஓட்டினார். சொத்தை யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. அதுபாட்டுக்கு வளர்ந்தது.

"ஏங்க, கடைவாய்ப் பல்லை யாருங்க எட்டிப் பார்க்கப் போறாங்க?" என்றார் மனைவி.

"உனக்கு எதுலயுமே ஆழமாப் போகத் தெரியாது."

"சொத்தைக்குத் தெரியுமே! இன்னும் கொஞ்சம் போனா பல்லையே பிடுங்கணுமாம்."

அந்தப் பயத்தில்தான் இன்று வந்தார். வெள்ளைதான் என்று முடிவும் சொன்னார். சொத்தையைக் குடைந்து எடுத்தாயிற்று.

"வெள்ளை ஒட்டணும்னா பல்லு காய்ஞ்சிருக்கணும் சார். பத்து நிமிஷம் பேசக் கூடாது" என்றார் டாக்டரம்மா.

பத்து நிமிஷமா? இவரா?

பஞ்சைத் துப்பிவிட்டு, "பாதரசம் நிஜமாவே ஆவியா வருமா?" என்றார்.

"ரொம்பக் கொஞ்சம் சார்." புதுப் பஞ்சு.

அதையும் எடுத்தார். "கொஞ்சம்னா எவ்வளவு?"

மூன்றாவது பஞ்சும் போனது. பள்ளம் முழுக்க எச்சில்.

"வெள்ளியே வச்சுடறேன் சார். அது கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும். நீங்க பேசறதையும் தாங்கும்."

மூன்று மாத ஆராய்ச்சி மூன்று பஞ்சில் முடிந்தது. கலவையை வைத்து, அமுக்கி, மேடு பள்ளம் செதுக்கி, கடிக்கச் சொல்லி, மறுபடி செதுக்கி, டாக்டரம்மா கண்ணாடியை நீட்டினார். கச்சிதமான வேலை. இவர் நெடுநேரம் பார்த்தார்.

"வெள்ளை வச்சிருந்தா எப்படி இருந்திருக்கும் டாக்டர்?"

சிரிக்கிறீர்களா? நல்லது. உங்கள் நாக்கு இந்த நிமிஷம் எங்கே இருக்கிறது? போன வருஷமே அடைத்திருக்க வேண்டிய அந்தப் பல்லைத் தடவவில்லை என்று சொல்லுங்கள், பார்ப்போம். இன்னும் விசாரித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?

இந்தாருங்கள், கண்ணாடி.