உசுப்பேறிய ஆக்சிஜனும் ஓர் எண்ணெய்க்கடைக்காரனும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு, மாமனார் மெல்லிய வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுவது. அங்கே நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகத்தைப் பற்றித்தான் பேச்சு.

முதலில் மானம் போன கதை. நேற்றுப் பொழுது சாய்ந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போக, உங்கள் அத்தையின் சால்வையை முகத்தில் சுற்றி, கறுப்புக் கண்ணாடி, கையுறை சகிதம் வெளியே வந்தவனை மாடிவீட்டுக்காரர் திருடன் என்று சட்டையைப் பிடித்துவிட்டார். "நான்தாங்க, எண்ணெய்க்கடை" என்றேன். "உங்க கடை விலைக்கு இந்த வேஷம் பொருத்தந்தான்" என்றார்.

வேஷத்துக்குக் காரணம், உணவுக்குழாயில் ஒரு கட்டி. நல்ல கட்டி இல்லையாம். பதறாதீர்கள், அந்த வேலையை நான் மொத்தக் குத்தகைக்கு எடுத்துவிட்டேன். போன வாரம் ஊசியில் ஒரு மருந்தை ஏற்றி, பிறகு குழாய் வழியே சிவப்பு வெளிச்சம் விட்டார்கள். வெளிச்சம் பட்டதும் அந்த மருந்து, பக்கத்தில் தன்பாட்டுக்கு இருக்கும் ஆக்சிஜனை உசுப்பிவிடுமாம், கல்யாண வீட்டில் சண்டை மூட்டிவிட்டு நகர்ந்துகொள்ளும் சொந்தக்காரர் மாதிரி. உசுப்பேறிய ஆக்சிஜன் கண்மூடித் திறப்பதற்குள் கொழுப்பு, புரதம் என்று கைக்கெட்டியதன் மேலெல்லாம் பாய்ந்து கட்டியைச் சாகடிக்குமாம். வெளிச்சத்தில் வைத்த எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதிலும் இந்தக் கூத்து உண்டு என்று டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதுதான் வினையாயிற்று. மிச்ச மருந்து உடம்பெல்லாம் இருக்கிறது, சில வாரம் வெயில் ஆகாது என்றார். வெயிலோடு விடுவேனா? ஜன்னலெல்லாம் அட்டைப்பெட்டியைக் கிழித்து ஒட்டி, பல்பைக் கழற்றிவிட்டு, சிக்குப் பிடித்துவிட்டேனோ என்று இருட்டில் என்னை நானே மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நம்பிக்கை வராமல் உங்கள் அத்தையையும் மோந்து பார்க்கச் சொன்னேன். "கல்யாணமான நாளா இதே வாடைதான்" என்றாள்.

நேற்று இதைக் கேட்டு டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "வீட்டுக்குள்ள இருக்கிற மெல்லிசு வெளிச்சம் பட்டாத்தானே மிச்ச மருந்து கொஞ்சங்கொஞ்சமா அழியும்? இருட்டுல ஒளிஞ்சா அது அப்படியே உக்காந்திருக்குமே." இருட்டில் என்னோடு மருந்து மட்டுமா உட்கார்ந்திருந்தது, மாப்பிள்ளை?

கட்டி செத்ததா என்று அடுத்த வாரம் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். உங்கள் வீட்டம்மாவுக்குத் தெரிய வேண்டாம், புது வேலையில் திண்டாடுகிறாள். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

உங்கள் வீட்டு விளக்கு குறைவில்லாமல் எரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: கிழிக்க வேண்டாம், அவளிடமே கொடுத்துவிடுங்கள். இப்போதுதான் போனில், "ஏம்ப்பா குரல் கம்முது?" என்று கேட்டாள். சளி என்றேன். பயமா இருக்கும்மா, ஒருநடை வந்துட்டுப் போ என்பது நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.