உலகத்தின் கடைசித் தேதி

உலகம் அழிய ஆயிரத்து நூற்று இருபத்தேழு நாட்கள் இருந்தன. லேப் கால்குலேட்டரில் ஃபீபி இரண்டு முறை சரிபார்த்தாள். 2012 லீப் வருடம். அந்த ஒரு நாளையும் சேர்த்திருந்தாள்.

அவளுக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் லேபில், தோலில் குரோமியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. ஆனால் அவளுக்கு அவசரமாக ஒரு காரணம் தேவைப்பட்டது. மே மாதம் அவளுக்குக் கல்யாணம்.

மாப்பிள்ளை ரிச்சர்ட், அரக்கோணம், ரயில்வே. பெண் பார்க்க வந்த அன்று அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"ஆசிட்ல கை வைக்கிற வேலைதானே? விட்டுடலாம் இல்ல?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா சாந்தகுமார், "விட்டுடலாம், விட்டுடலாம்" என்று சொல்லி எல்லோருக்கும் இன்னொரு கரண்டி கேசரி வைக்கச் சொன்னார்.

வேண்டாம் என்று சொல்ல ஃபீபிக்கு வராது. பஸ்ஸில் யாராவது அவள் காலை மிதித்தால், எடுங்கள் என்று சொல்ல வெட்கப்பட்டு அடுத்த ஸ்டாப் வரை காத்திருப்பாள்.

அந்த 2009 நவம்பரில் கேன்டீன் முழுக்க மாயன் காலண்டர் பேச்சுதான். 2012 டிசம்பர் இருபத்தொன்றோடு காலண்டர் முடிகிறது, உலகமும் முடிகிறது என்றார்கள். ஃபீபி அதை வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

"அப்பா, உலகமே அழியப் போகுதாம். அப்புறம் கல்யாணம்லாம் எதுக்குப்பா?"

சாந்தகுமார் தட்டிலிருந்து நிமிர்ந்தார். இருபத்திரண்டு வருடமாக அதே கம்பெனியில் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். ஷூ வாங்கும் ஜெர்மன்காரன் ஒரு தேதி சொன்னால் அதற்கு இரண்டு வாரம் முன்பே பெட்டிகளை லாரியில் ஏற்றிவிடுபவர். அவரிடம் போய் ஒரு கடைசித் தேதியைச் சொல்லியிருக்கக் கூடாது என்பது ஃபீபிக்கு அப்போதுதான் உறைத்தது.

"கடைசி டேட்டு இன்னா?"

"இருபத்தொண்ணு டிசம்பர், 2012."

"மே மாசம் பண்ணா கையில ரெண்டரை வருஷம்தான். ரொம்பக் கம்மி. முன்னாடி இழுத்துடலாம். இன்னா தேவகிருபை?"

அம்மா தேவகிருபை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. போனை எடுத்து அரக்கோணத்தைக் கூப்பிட்டார். மாப்பிள்ளையின் அம்மா தனபாக்கியம் ஸ்பீக்கரில் அழுதாள்.

"அய்யோ அண்ணே, அப்ப பேரப்புள்ள ஞானஸ்நானத்த நான் எப்போ பாக்கறது? ஜனவரியிலயே வச்சிடுங்க."

ஜனவரி ஏழு என்று முடிவானது.

மறுநாள் ஃபீபி விஞ்ஞானத்தைக் கையில் எடுத்தாள்.

"அப்பா, அது வெறும் கணக்குப்பா. உங்க ஸ்கூட்டர் மீட்டர் கடைசி நம்பர் வரைக்கும் ஓடிட்டு மறுபடி சைபருக்கு வருது இல்ல? அந்த மாதிரி. அந்தக் காலண்டரும் மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும்."

சாந்தகுமார் யோசித்தார்.

"என் மீட்டர் சைபருக்கு வந்த மறுவாரமே இன்ஜின் சீஸ் ஆய்டுச்சே. மறந்துட்டியா?"

அன்று மாலையே பிரியாணி மாஸ்டரைப் பார்த்து மூன்று பெரிய தேக்சா நிறையப் பிரியாணிக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

ஃபீபி லேப் மேனேஜர் முனீர் அகமதுவிடம் போனாள். ஜனவரியில் ஆடிட், லீவு தர முடியாது என்று அவர் அப்பாவிடம் சொன்னால் போதும். ஆனால் அதை அப்படியே கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

"சார், ஜனவரியில ஆடிட் இருக்கு. நீங்க அப்பாகிட்ட கொஞ்சம் பேசணும் சார்."

அவர் பேசிவிட்டு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"உங்க அப்பா எல்லாம் சொன்னாரும்மா. உலகம் அழியற கியாமத் நாள் எங்களுக்கும் உண்டு. டேட்டுதான் எங்களுக்குக் குடுக்கல. வேலைய விட்டா ஒரு மாசம் நோட்டீஸ் தரணும்னு ரூல். இருக்கறதே மூணு வருஷம், அதுல ஒரு மாசத்த நான் எடுத்துக்கிட்டா நல்லாவா இருக்கும்? நாளையிலேர்ந்து நீ வர வேணாம்மா."

ஃபீபி வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்தாள். நன்றி என்றும் சொன்னாள்.

இனி மிச்சம் இருந்தது ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று ஆயர் சபையைப் பார்த்துக் கேட்பார். கல்யாணத்தன்று அவளையும் கேட்பார்கள்தான். ஆனால் அப்போது மூன்று தேக்சா பிரியாணி தம்மில் இருக்கும்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, "எனக்கு வேணாம்" என்று சொல்லிப் பழகினாள். குரல் தண்ணீர்ச் சத்தத்தைத் தாண்டவில்லை. சபையில் நானூறு பேர் இருப்பார்கள்.

பயந்துபோய் ஆயரிடமே போனாள்.

"ஐயா, வீட்டுக்கு வந்து அப்பாவோட பயத்தக் கொஞ்சம் போக்குங்க ஐயா."

சனிக்கிழமை ஆயர் வந்தார். காபி குடித்தார். நன்றாகவே பேசினார்.

"பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல சாந்தகுமார். அந்த நாள் தேவதூதருக்கே தெரியாது. மாயன்காரனுக்கு எப்படித் தெரியும்? டேட்டு தெரிஞ்சா மனுஷன் அதையே எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பான். தெரியாம வச்சதே, அன்னன்னைக்கு ஒழுங்கா வாழட்டும்னுதான்."

ஃபீபிக்கு ஒரு வாரம் கழித்து மூச்சு முழுதாக வந்தது.

"அப்ப 2012 இல்லீங்களா ஐயா?" என்றார் சாந்தகுமார்.

"2012-ஆவும் இருக்கலாம். நாளைக்காவும் இருக்கலாம். நாம ரெடியா இருக்கணும், அவ்ளோதான்."

"நாளைக்கேவா?" சாந்தகுமார் எழுந்தே விட்டார். டெலிவரி தேதியே சொல்லாமல் சரக்கு வாங்குகிற பையரை அவர் பார்த்ததில்லை. "இது இன்னும் பேஜாராச்சே ஐயா! டேட்டுன்னு ஒண்ணு இருந்தாலாவது பிளான் பண்ணலாம்."

"நான் சொல்ல வந்தது அது இல்ல, சாந்தகுமார்..."

"புரிஞ்சிடுச்சி ஐயா. டிசம்பர் பத்து வச்சிடலாம்."

"பத்தா? நடுவுல ரெண்டு ஞாயிறுதான் வருது. மூணு ஓலை வாசிக்கணுமே."

"ஓலைக்குப் பதிலா பிஷப்கிட்ட லைசென்ஸ் வாங்கினாப் போதும் இல்லீங்களா? நம்ம பொண்ணுக்கு இன்னா தடை வரப் போகுது!"

ஃபீபி காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை சாந்தகுமார் வேலூருக்குப் போய் லைசென்ஸோடு வந்தார். ஓலை வாசிக்கப்படவில்லை. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

ஆயிரத்து நூற்றுப் பதினைந்து நாட்கள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம், தேவகிருபை மகளை நிற்க வைத்துக் கல்யாண பிளவுஸின் அளவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வாயில் நாலைந்து குண்டூசிகள். ஃபீபி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

அது இவ்வளவு சின்ன வாக்கியமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தேவகிருபை குண்டூசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள்.

"தெரியும். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏம்மா சும்மா இருந்தே?"

முன்னறையில் சாந்தகுமார் போனில் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். தேக்சா ஐந்தாகியிருந்தது. தேவகிருபை அந்தப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு மகளின் தோளில் பிளவுஸை இழுத்துவிட்டுக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"மூணு வருஷம்தானே, பல்லக் கடிச்சிக்கினு ஓட்டிடலாம்னு நெனச்சேன்டி. உனக்காவது ஒரு தேதி இருக்கு. நான் இருபத்தாறு வருஷமா தேதியே இல்லாம இருக்கேன்."