நாலரை அடி வாசல்

சொந்த வீட்டில், சொந்தப் படுக்கையறைக்குள் நுழைய நீங்கள் என்றைக்காவது மனு எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? தையல்காரர் கொடுத்தார். மூன்று பிரதிகள்.

ஆசை ஆசையாக வாங்கிய பழைய வீடு. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருந்த வாசல் மட்டும் நாலரை அடி உயரம். அவர் மனைவி ஐந்தே முக்கால். குடிவந்த மூன்றாம் நாளே, நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கத்தோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"வாசலை உசத்திட்டுக் கூப்பிடுங்க. இல்லன்னா நீங்களும் உங்க வாசலுமா குடும்பம் நடத்துங்க!"

உயர்த்தத்தான் அந்த மனுவைக் கொடுத்தார். புராதனக் கட்டட அலுவலகத்து அதிகாரி விட்டால்தானே?

"இருநூறு வருஷத்து வாசல். ஒரு கல்லைத் தொடக்கூடாது. அந்தக் காலத்து ஜனங்க பணிவானவங்க. குனிஞ்சு போனாங்க."

"என் பொண்டாட்டி இந்தக் காலத்து ஆளு சார்!"

"அது உங்க குடும்ப விஷயம்."

தையல்காரர் வீட்டுக்குத் திரும்பி வாசலை முறைத்தார். மேலேதானே தொடக்கூடாது? கீழே தோண்டினால்? கொத்தனாரைக் கூப்பிட்டார். ஊரில் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரே ஆள். வாயைத் திறக்காமல் வேலை பார்ப்பவர். வாசலடியில் ஒரு அடி பள்ளம் வெட்டினார். அன்று சாயங்காலம் அடித்த மழையில் கூரை ஒழுகி, தண்ணீர் முழுக்க அந்தப் பள்ளத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. பின்னாலேயே அதிகாரியும் வந்தார்.

"தரையும் புராதனம்தான்யா! பழைய முறைப்படி மூடுங்க. சல்லி, சுண்ணாம்பு, மேல கல்லு."

மூடினார்கள். பழைய முறைப்படி மூடியதில் தரை மூன்று அங்குலம் எழும்பிவிட்டது. வாசல் நாலே கால் அடி.

சரி, இடித்தாலும் வலிக்காமல் இருக்கட்டும் என்று மேல் சட்டத்தில் பஞ்சு மெத்தை தைத்துக் கட்டினார். வாசல் நாலடி.

"ஏங்க, எவ்வளவு உசந்திருக்கு?" என்றாள் மனைவி போனில்.

"வேலை நடந்துகிட்டே இருக்கு" என்றார். எந்தத் திசையில் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் அதிகாரி மறுபடி வந்தார். "யாரைக் கேட்டு மெத்தை கட்டுனீங்க? அசிங்கமா!" என்று அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, விறுவிறுவென்று உள்ளே நடந்தார்.

ணங்!

தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் தையல்காரருக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"வலிக்குதா சார்? நல்லா வலிக்கட்டும்! பணிவாம், பணிவு! மனுஷன் போற இடத்துல பூனை போற வாசல்! இருநூறு வருஷத்துக்கு முன்னாடி எந்த மடையன் சார் இதை வச்சான்?"

ஒழுகிய கூரையைப் பூசி முடித்துவிட்டு, மூலையில் கரணையைக் கழுவிக்கொண்டிருந்த கொத்தனார் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"நான்தாங்க வச்சேன், பன்னண்டு வருஷம் முன்னாடி. ஆறரை அடி இருந்துச்சு. பாக்கப் பழசாவே இல்ல, புராதனப் பட்டியல்ல சேக்க முடியாது, குட்டையாக்குன்னு இந்த சார்தான் பக்கத்துல நின்னு வேலை வாங்குனாரு."

மறுநாள் காலையில் அதே அதிகாரியின் கையெழுத்தோடு நோட்டீஸ் வந்தது. புராதன வாசலை அனுமதியின்றிக் குட்டையாக்கிய குற்றத்துக்காக, ஏழு நாளுக்குள் அதை ஆறரை அடிக்கு உயர்த்த வேண்டும் என்று தையல்காரருக்கு உத்தரவு.