பொருள் என்றால் பணம் என்று யாரும் சொல்லவில்லை, சம்பந்தி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நானும் என் மனைவியும் உடம்பைப் பொறுத்தவரை சுகம். மற்றவற்றைப் பொறுத்தவரை கீழே எழுதியிருக்கிறேன். அங்கே உங்கள் முழங்கால் வலி குறைந்து, சம்பந்தியம்மாவின் சர்க்கரை ஏறாமல், இருவரும் மனநிம்மதியோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த நிம்மதி கலைவதற்குள் இக்கடிதத்தை உட்கார்ந்து படித்துவிடவும். முந்தாநாள் நான் போன் செய்தபோது நீங்கள் பாதியில் வைத்துவிட்டீர்கள். அதில் தப்பு சொல்லவில்லை. முழுவதும் கேட்டிருந்தால் இன்னும் வேகமாக வைத்திருப்பீர்கள்.

விஷயம் இதுதான். உங்கள் மகனின் வார்டு தேர்தலுக்கென்று நீங்கள் உறையில் போட்டுக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதியை நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டேன் என்று ஒரு கையெழுத்தும் போட வேண்டும். வரும் திங்கட்கிழமைக்குள் அது வராவிட்டால் மாப்பிள்ளையின் மனு செல்லாது. அது மட்டுமில்லை, ஆறு வருடத்துக்கு அவர் எந்தத் தேர்தலிலும் தலைகாட்ட முடியாது. எங்கள் தெருவில் வாயைத் திறந்து கிடக்கும் சாக்கடையை மூடியே தீருவேன் என்று மனிதர் இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லாமல் அலைந்தது வீண். இதற்கெல்லாம் யார் காரணம் என்று கேட்பீர்கள். நான்தான். ஆனால் எப்படி நான்தான் என்பது எனக்கே இன்னும் சரியாக விளங்கவில்லை, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், விளங்கினால் எனக்கும் சொல்லவும்.

மாப்பிள்ளை ஒரு நாள் டிரைவிங் ஸ்கூலைச் சீக்கிரம் மூடிவிட்டு நேராக என்னிடம் வந்தார். "மாமா, தேர்தல்ல நிக்கலாம்னு இருக்கேன். பொருளாளரா ஒரு நம்பிக்கையான ஆளைப் போடணுமாம். நீங்க இருக்கும்போது நான் எதுக்கு வெளியில தேடணும்?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழாய்க் கம்பெனிக் கிடங்கில் முப்பது வருடம் பொருள்களைப் பார்த்துக்கொண்டவன் நான், ஒரு வாஷர் குறைந்ததில்லை, அந்த அருமை தெரிந்து ஒருவர் வந்து கேட்கிறார் என்றால் எப்படி மறுப்பது? பொருளாளர் என்றால் பொருளை ஆள்பவர். தமிழ் படித்த யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். மறுநாளே பின் அறையைக் காலி செய்து, அலமாரி போட்டு, நாற்காலி, ஏணி, கொடி, ஒலிபெருக்கி, பசை வாளி எல்லாவற்றுக்கும் எண் ஒட்டினேன். பசை தடவும் பிரஷ் வேண்டும் என்றால்கூடச் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும், சாயங்காலம் கழுவித் திருப்பித் தர வேண்டும். மாப்பிள்ளையின் நண்பர்கள் எனக்கு 'வாளி மாமா' என்று பேர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும், வாளி பத்திரமாக இருக்கிறது.

இந்தச் சமயத்தில்தான் ஊர்க்காரர்கள் உறைகளைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். "பொருளாளர் நீங்கதானே? இதைப் பிடிங்க" என்று கையில் திணித்துவிட்டுப் போவார்கள். நானும் 'உறை, பழுப்பு, ஒட்டியது, ஒன்று' என்று பதிவு செய்து, உறைமேல் இருந்தபடி கொடுத்தவர் பேரை எழுதி, பசை வாளிக்கும் கொடிக்கும் நடுவிலிருந்த தட்டில் அடுக்கினேன். நீங்கள் கொடுத்ததற்கு மட்டும் 'கனமானது' என்று மரியாதையாகச் சேர்த்து எழுதினேன். உறையைப் பிரிக்கவில்லை. ஒட்டி வந்த சரக்கைக் கிடங்குக்காரன் பிரிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அச்சகக்காரர் போஸ்டர் பாக்கிக்காக வந்து நின்றபோது, "பணம் என் பிரிவு இல்லை" என்று சொல்லி அனுப்பினேன். அவர் மாப்பிள்ளையிடம் போனார். மாமாவுக்கு ஏதோ சிரமம் போலிருக்கிறது என்று நினைத்து, மாப்பிள்ளை தன் கையிலிருந்து கொடுத்துவிட்டார், என்னிடம் கேட்கவும் இல்லை. நாகரிகமான பிள்ளை, உங்கள் வளர்ப்பு. அந்த நாகரிகமும் சட்டப்படி குற்றமாம்.

போன வாரம் கணக்குக் கேட்டு எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. அதன் பின்னாலேயே தேர்தல் செலவைப் பார்க்கும் அதிகாரியம்மாவும் வந்தார். சின்ன வயது, மரியாதையான பேச்சு, கண்ணாடி போட்டவர். நான் பெருமையோடு பின் அறையைத் திறந்து காட்டினேன். அவர் எண் ஒட்டிய ஏணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க ஐயா. வரவு எவ்வளவு?"

"பத்தொன்பது உறை வந்திருக்கும்மா."

"அதில்லைங்க. உள்ள எவ்வளவு?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்? ஒட்டியில்ல இருக்கு."

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். துடைத்த பிறகும் நான் அப்படியேதான் தெரிந்தேன் போலிருக்கிறது. "ஐயா, பொருளாளர்னா பணத்தைப் பார்த்துக்கறவர். பேங்க்ல தனிக் கணக்கு தொடங்கி, வர்றது போறது எல்லாம் அது வழியாத்தான் நடக்கணும்."

"அப்போ பொருள்?"

"பொருள்னா பணம்தாங்க."

சரி, முப்பது வருடமாகத் தப்பாகப் புரிந்துகொண்டேன், ஒப்புக்கொள்கிறேன் என்று சொல்லி, இனிமேல் நாற்காலி, வாளியைப் பற்றி யாருக்கும் கவலை இல்லையே என்று கேட்டேன். உடனே அவர், "அதெப்படி? இனாமாவோ இரவலாவோ வந்த பொருளும் நன்கொடைதான். சந்தை விலையோ வாடகையோ போட்டுப் பணமா எழுதணும்" என்றார். இப்போது நீங்களே சொல்லுங்கள் சம்பந்தி. பொருள் என்றால் பொருள் இல்லை, பணம். ஆனால் பொருளாக வந்தால் அதுவும் பணம். அப்படியானால் நான் முதலில் நினைத்தது சரியா தப்பா? இதை அவரிடமே கேட்டேன். "ரெண்டும்தாங்க" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தலை ஒரு பக்கமாகக் கனக்கிறது.

அதற்குப் பிறகு விலை போடும் படலம். எதிர்வீட்டுக்காரர் இரவல் கொடுத்த நாற்காலிக்கு வாடகை என்ன என்று கேட்கப் போனேன். நான் அவருக்கு வாடகை தரப்போகிறேன் என்று நினைத்து நல்ல தொகையாகச் சொன்னார். தரப்போவதில்லை, எழுதத்தான் போகிறேன் என்றதும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எண் ஒட்டிய சீட்டோடு போய்விட்டன. வந்தவர்களுக்கெல்லாம் என் மனைவி போட்டுக் கொடுத்த டீக்கு என்ன விலை என்று அதிகாரியம்மாவிடம் கேட்டேன். பால், தூள், சர்க்கரைக்கு விலை உண்டு, மனமுவந்து செய்த உழைப்புக்கு விலை கிடையாது, கணக்கில் வராது என்றார். சமையலறைக்குள்ளிருந்து, "அதைத்தான் கல்யாணம் ஆன நாள்லேருந்து கேட்டுக்கிட்டிருக்கேன்" என்று ஒரு குரல் வந்தது. அதிகாரியம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் டீ கிடையாது.

பிறகு அவர் முன்னாலேயே உறைகளைப் பிரித்தோம். ஒன்றில் கொடுத்தவர் பேர் இருக்க வேண்டிய இடத்தில் 'உங்கள் நலம் விரும்பி' என்று இருந்தது. பேர், விலாசம் இல்லாத பணத்தை வைத்துக்கொள்ளக் கூடாதாம். நலம் விரும்பியை நான் எங்கே போய்த் தேடுவது? மற்றதெல்லாம் ஏதோ ஒரு வழிக்கு வந்தது. கடைசியில் உங்கள் உறை. எண்ணி முடித்ததும் அதிகாரியம்மா நிமிர்ந்து, "ஒரு ஆள் இவ்வளவு கொடுக்கக் கூடாதுங்க. அளவு இருக்கு. அதிகப்படியைத் திருப்பிக் கொடுத்து, வாங்கிக்கிட்டவர்கிட்ட கையெழுத்து வாங்கணும்" என்றார். பெற்ற அப்பா கொடுத்தது என்றேன். பெற்ற அப்பாவும் ஓர் ஆள்தான் என்றார். சரி, பாதியைச் சம்பந்தியம்மா பேரில் எழுதிவிடலாமா என்று கேட்டேன். ஒருத்தர் பணத்தை இன்னொருத்தர் பேரில் எழுதுவது இதைவிடப் பெரிய குற்றமாம். கைமாற்றாக வாங்கியது என்று சொன்னால்? கைமாற்றும் நன்கொடைதானாம். அந்தச் சட்டத்தை எழுதியவர் என்னைப் போல ஒரு மாமனாரை எதிர்பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும், நான் எந்தப் பக்கம் போனாலும் அங்கே முன்னாலேயே போய் நிற்கிறார்.

போனில் நான் இதைச் சொல்ல ஆரம்பித்ததும், "என் பிள்ளைக்கு நான் கொடுக்கறதுக்கு எவன் அளவு போடறது? கொடுத்ததைத் திருப்பி வாங்கற வழக்கம் எங்க குடும்பத்துல கிடையாது" என்றீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. கொடுத்த கையிலேயே திரும்பக் கொடுத்தால் யாருக்கும் முகம் சுண்டிப்போகும். உங்கள் பணம் எங்களுக்கு அதிகமாகிவிட்டது என்று சொல்ல நான் யார்? ஆனால் உங்கள் மருமகள், அதாவது என் மகள், நேற்றுச் சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "ஆறு வருஷம்பா. எதிர்ல வர்ற ஒவ்வொருத்தரும் ஏன்னு அவரைக் கேப்பாங்க. எங்க மாமனாரு வாளியை எண்ணிக்கிட்டிருந்தாருன்னு அவர் சொல்லணுமா?" என்றாள். மாப்பிள்ளை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எனக்குப் பயமாக இருக்கிறது சம்பந்தி, வெட்கமாகவும் இருக்கிறது. ரிட்டயர் ஆன பிறகு ஒருவர் நம்பி ஒரு வேலை கொடுத்தார், அதில் அவர் தலையிலேயே கைவைத்துவிட்டேன்.

ஆகவே உங்கள் இரண்டு கைகளையும் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். அதிகப்படிப் பணத்தை என் மகன் வெள்ளிக்கிழமை நேரில் கொண்டுவருவான். அவனை உட்காரச் சொல்லி, வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பவும். கோபத்தை என் மேல் வைத்துக்கொள்ளவும், அதற்கு அளவு ஏதும் இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பான விசாரிப்புகள். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது என்று என் மனைவி சொல்லச் சொன்னாள். உங்கள் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், எந்த அதிகாரியும் வாசல் ஏறாமல், நீடூழி வாழப் பிரார்த்திக்கும்,

உங்கள் பணிவுள்ள சம்பந்தி
(முன்னாள் கிடங்குப் பொறுப்பாளர், இந்நாள் என்ன என்று தெரியவில்லை)

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் மாப்பிள்ளை வார்டு ஆபீஸிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தார். வேட்பாளர்களின் இறுதிப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டார்களாம். அதில் அவர் பேர் இல்லை, என் பேர் இருக்கிறது. மனுவை நிரப்பியது நான். கிடங்குச் சீட்டில் எப்போதும் முதல் கட்டம் பொறுப்பாளருக்கு, இரண்டாவது கட்டம் கேட்டு வந்தவருக்கு. கை அந்தப் பழக்கத்தில் போய்விட்டது போலிருக்கிறது. மாப்பிள்ளையும் என் மேல் இருந்த நம்பிக்கையில் படித்துப் பார்க்காமல் என் கையெழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார். வேட்பாளர் நான், பொருளாளர் உங்கள் மகன். நோட்டீஸ் ஏன் என் பேருக்கு வந்தது என்று இப்போதுதான் புரிகிறது. அதிகாரியம்மாவுக்குப் போன் செய்தோம். போஸ்டரில் யார் படம், உறை யார் பேருக்கு என்று அவர் கேட்டார். எல்லாம் மாப்பிள்ளைதான் என்றோம். வேட்பாளர் அல்லாத ஒருவர் தன் படத்தைத் தானே ஊரெல்லாம் ஒட்டிக்கொண்டால் அது தேர்தல் செலவாகாது, ஓர் அப்பா மகனுக்கோ ஊரார் அவருக்கோ கொடுத்தது நன்கொடையும் ஆகாது, வேட்பாளரின் வரவும் செலவும் பூஜ்யம், இவ்வளவு சுத்தமான கணக்கை இந்த வார்டில் இதுவரை பார்த்ததில்லை என்றார். ஆகவே உங்கள் பணம் உங்கள் பிள்ளைக்கே, கையெழுத்து வேண்டாம், என் மகன் வரமாட்டான். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்துவிட்டு, "யார் மூடினா என்ன மாமா, சாக்கடை மூடினா சரி" என்று சொல்லி, எனக்கு ஓட்டுக் கேட்கக் கிளம்பிவிட்டார். மகள் ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். வாபஸ் வாங்கும் தேதி முடிந்துவிட்டதால் என்னால் விலகவும் முடியாது. நேற்றுவரை மாப்பிள்ளை தோற்றுவிடுவாரோ என்று பயந்தேன், இன்று நான் ஜெயித்துவிடுவேனோ என்று பயப்படுகிறேன். தெருவில் எல்லாரும் எனக்கே போடுவதாகச் சொல்கிறார்கள். என் மனைவி மட்டும் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.