உதைக்காத மேக்னம்

மேக்னம் ரிவால்வர் வைத்திருப்பவர்களில் இரண்டு இனம் உண்டு, வாசகரே. சுடும்போது அது கையில் கொடுக்கிற உதையைச் சிரித்தபடி தாங்குகிறவர்கள் ஓர் இனம். அவர்களை யாரும் இன்னும் கண்ணால் கண்டதில்லை. தாங்குவதாக ஊரை நம்பவைத்துவிட்டு, கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு, பஞ்சுபோல் உதைக்கும் தோட்டாவைத் தாமே செய்துகொள்கிறவர்கள் இன்னோர் இனம். அவர்கள் எங்கும் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஐடஹோவில் டயர் கடை வைத்திருக்கும் வெண்டெல் க்ரப், அந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி. மனைவியை இழந்தவர், அகன்ற மீசைக்காரர், இடுப்பு வாரில் சாஸர் அளவுக்குக் கொக்கி போட்டவர். மேக்னம் வாங்கிய அன்று கடைத் தோட்டா ஒன்றைப் போட்டுச் சுட்டார். குழல் மேலே எழும்பித் தொப்பியைத் தட்டிவிட்டது. அதன்பின் ஒரு வாரம் மணிக்கட்டு வீங்கி, ஊறுகாய் ஜாடியைத் திறக்க முடியாமல், ஊறுகாய் இல்லாத சாண்ட்விச்சைத் தனிமையில் தின்று கண்கலங்கினாரே, அந்தச் சோகத்தை யாரிடம் சொல்வது?

யாரிடமும் சொல்லவில்லை. கைப்பிடி வைத்த ஓர் அழுத்து இயந்திரத்தை வாங்கினார். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைக் கழுவி, குழந்தைக்கு மருந்து அளக்கிற தாயின் கவனத்தோடு கொஞ்சமே கொஞ்சம் வெடிமருந்தை அளந்து போட்டு, ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்து, மேலே மெத்தென்ற ஈயக் குண்டை வைத்து அழுத்தினார். பிறகு அவற்றையெல்லாம் கடைத் தோட்டாவின் டப்பாவில் அடுக்கினார். டப்பாவின் மேல் கரடி உறுமியது. உள்ளே ஆட்டுக்குட்டிகள்.

சனிக்கிழமை துப்பாக்கி கிளப்பில் பார்க்க வேண்டுமே அவரை! பெரிய ரைஃபிள் வைத்திருப்பவர் எவரோ, அவருக்குப் பக்கத்து மேஜையைத்தான் எப்போதும் பிடிப்பார். அந்த இடிச் சத்தத்தில் இவருடைய துப்பாக்கியின் தும்மல் யாருக்குக் கேட்கும்? "பின்னாடி யாரும் நிக்காதீங்க, இது பீரங்கி," என்பார். சுடுவார். துப்பாக்கி அசையாது; இவர் அசைவார். தோள் குலுங்கும், மீசை துடிக்கும், மணிக்கட்டை உதறிக்கொண்டே, "இன்னிக்குக் கொஞ்சம் முறுக்கா இருக்கு," என்பார்.

இத்தனையும் எதற்காக? பெர்னடெட் காப் அம்மையாருக்காக. கிளப்பில் விதிகளைக் காக்கும் அதிகாரி, கைம்பெண், ஆப்பிள் பை என்கிற பழப் பணியாரம் சுடுவதில் நிகரற்றவர். அவரைச் சாப்பிட அழைக்க வேண்டும் என்று வெண்டெலுக்கு நெடுநாள் ஆசை. ஆனால் அப்படிப்பட்ட பெண்மணி ஓர் ஆண்பிள்ளைச் சிங்கத்தோடு அல்லவா சாப்பிடுவார்? குட்டு வெளிப்பட்டால் ஆப்பிள் பையும் போச்சு, பெண்மணியும் போச்சு.

அன்று போட்டி. தூரத்து மேட்டில் இரும்பு ஆடு நிற்கும்; குண்டு பட்டால் மட்டும் போதாது, அது சாய்ந்து விழ வேண்டும். பஞ்சுத் தோட்டாவுக்கு அது சாயாது; இந்த இனத்துக்கு அந்த ஆடு எமன். ஆகவே வெண்டெல் இத்தனை நாளும் கவனமாகக் குறியைத் தவறவிட்டு வந்தார். அன்றோ, பெர்னடெட் மஞ்சள் கழுத்துத்துணி கட்டிக்கொண்டு, "எங்க, இந்தத் தடவையாவது அடிங்க பாப்போம்," என்று சிரித்துவிட்டார். வெண்டெலுக்குத் தலைகால் புரியவில்லை. சுட்டார்.

ஐயோ, பட்டுவிட்டது!

ணங். நெஞ்சுக்கு நேரே. ஆடு மெல்லத் தலையசைத்தது. பிறகு, வணக்கம் ஏற்றுக்கொண்ட மந்திரி மாதிரி அப்படியே நின்றது.

"என்னய்யா, பீரங்கி குண்டுக்கு ஆடு தலையாட்டுது?" என்று கத்தினார் லைல். கிளப்பின் இன்னொரு மேக்னம்காரர், வெண்டெலின் பரம எதிரி, அவரும் ஆட்டை ஒருநாளும் அடித்ததில்லை.

"யாரோ ஆட்டோட கால வெல்டிங் வச்சுப் பத்தவச்சிருக்காங்க!" என்று அலறினார் வெண்டெல். "நான் புகார் பண்றேன்!"

"பண்ணுங்க," என்றார் பெர்னடெட். "விதி தெரியுமில்ல? அதே துப்பாக்கி, அதே தோட்டா, நான் சுடணும்."

கோபத்தில் வெண்டெல் மறந்துபோன விதி அது. பெர்னடெட் சுட்டார். துப்பாக்கி ஒரு பூனையைப்போல் சோம்பல் முறித்தது. அவர் வெண்டெலை ஒரு பார்வை பார்த்தார்.

"வெண்டெல், இது என்ன?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்வாரா? அந்த இனத்தில் பிறந்தவரா?

"டப்பா மாறிப்போச்சு! எங்க அத்தை பொண்ணுக்காகச் செஞ்சது! லைல், உன் துப்பாக்கியக் குடு. நிஜ உதைய எப்படித் தாங்கறேன்னு எல்லாரும் பாக்கட்டும்!"

லைலின் முகம் வெளுத்தது. "எ... என்னோடதா? வேணாம்ப்பா. உன்னால தாங்க முடியாது."

வெண்டெல் பிடுங்கிக்கொண்டார். கண்ணை மூடி, பல்லைக் கடித்து, மறைந்த மனைவியிடம் மன்னிப்புக் கேட்டு, விசையை இழுத்தார்.

புஸ்.

தம்முடைய தோட்டாவைவிட மெத்தென்று இருந்தது! திரும்பிப் பார்த்தார். லைலின் கண்கள் குளமாகியிருந்தன. அவை கெஞ்சின. எத்தனை சனிக்கிழமைகள், எத்தனை ஏளனங்கள்! இதோ, ஒரே வார்த்தையில் அந்த மனிதனைக் குழியில் தள்ளிவிடலாம். ஆனால் வெண்டெலின் நெஞ்சு இளகிவிட்டது. துப்பாக்கியைப் பத்திரமாக மேஜைமேல் வைத்தார். பிறகு, "அம்மாடி!" என்று பின்னால் பாய்ந்து, சரளைக்கல்லில் மல்லாந்து விழுந்தார்.

"லைல்! உனக்கு என்ன, இரும்புக் கையா?"

"பழகிடும்ப்பா," என்றார் லைல், தழுதழுத்த குரலில்.

பெர்னடெட் அருகில் வந்து மண்டியிட்டார். "துப்பாக்கிய வச்சப்புறமா உதை வந்துது?" என்று காதோடு கேட்டார். வெண்டெல் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "எனக்கு மணிக்கட்டுல வாதம். சுடறதையே விட்டுட்டேன். இன்னிக்கு உங்க தோட்டாவச் சுட்டதும் மறுபடி சின்னப் பொண்ணான மாதிரி இருந்துது. கராஜுக்கு வந்தா சொல்லித் தருவீங்களா? ஆப்பிள் பை கொண்டாரேன்."

ஒரு கண் திறந்தது. "வாங்க. ஆனா லைலுக்குத் தெரியக்கூடாது."

"தெரியாது. எழுந்திருங்க. போறப்ப கொஞ்சம் நொண்டுங்க, எல்லாரும் பாக்கறாங்க."

நொண்டினார். ஆனந்தமாக, இரண்டு காலிலும் மாறி மாறி நொண்டினார்.

சிரிக்கிறீர்களா? நம்மிடம் துப்பாக்கியே இல்லை என்கிறீர்களா? சரி. காரம் தூக்கலாகப் போடச் சொல்லிவிட்டு மேஜைக்கடியில் தயிர்க் கிண்ணம் வைத்துக்கொண்டதில்லையா? பறக்கிற பைக்கை வாங்கி, தெருமுனை தாண்டியதும் சைக்கிளுக்கு வழிவிட்டதில்லையா? உங்கள் பொருளை யாராவது ஒருமுறை கேட்டபோது, "உங்களால தாங்க முடியாது," என்று சொன்னதில்லையா? சொல்லியிருந்தால் கைகொடுங்கள். பயப்பட வேண்டாம், மெதுவாகத்தான் குலுக்குவோம்.